தண்ணீர் வாசலுக்கு வந்தபோது

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை நேரம். தேக்காவுக்கு அருகில் உள்ள ஒரு வீவக புளோக்கின் 12ஆம் மாடியில், உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மேற்கு வானம் திடீரெனக் கறுத்தது. சிறிது நேரத்தில் பலத்த காற்று வீசத் தொடங்கியது. எதிர்ப் புளோக்கில் காயவைத்திருந்த போர்வை ஒன்று மூங்கில் கம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. மாணவி கைப்பேசியை எடுத்துக்கொண்டு சன்னல் ஓரம் ஓடினாள். அந்தக் காட்சியைப் படம்பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பவேண்டும் என்பது அவள் எண்ணம்.

“சன்னல்கிட்ட நிக்காதே கண்ணு. முதல்ல கண்ணாடியைச் சாத்து. அப்புறம் அந்தப் பூந்தொட்டியை உள்ளே எடுத்து வை,” என்றார் பாட்டி.

“கொஞ்ச நேரம் பாட்டி. காத்து எப்படி அடிக்குது பாருங்க!”

“அதைப் பார்க்கத்தான் தொட்டியை வெளியே விட்டுட்டு நிக்கிறியா? அது கீழே விழுந்தா யார் தலையில விழும்?”

மாணவி கைப்பேசியை வைத்துவிட்டுச் சன்னலைச் சாத்தினாள். தாழ்வாரச் சுவரின்மீது இருந்த இரண்டு தொட்டிகளையும் தரையில் இறக்கி வைத்தாள். அதற்குள் பாட்டி, சன்னல் ஓரத்தில் இருந்த பழைய தையல் இயந்திரத்தைத் தடித்த துணியால் மூடினார். பின்னர், கதவருகில் இருந்த சிவப்பு நிற பிஸ்கட் டின்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் பாட்டி அந்த டின்னைத் தொட்டுப் பார்ப்பதை மாணவி சிறு வயது முதலே கவனித்திருக்கிறாள். அதற்கான காரணத்தை அன்றுதான் கேட்டாள்.

சுமத்ராக் காற்று

அன்று மாலை வீசியது ‘சுமத்ராக் காற்று’ எனப்படும் புயற்காற்று. சுமத்ராத் தீவின் மீதோ மலாக்கா நீரிணையின் மீதோ இடிமேகங்கள் நீண்ட வரிசையாக உருவாகும். அவ்வரிசை கிழக்கு நோக்கி நகர்ந்து சிங்கப்பூரைக் கடந்து செல்லும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் இத்தகைய காற்று வீசுவதுண்டு. பெரும்பாலும் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் அது சிங்கப்பூரை வந்தடையும். எனினும், மற்ற நேரங்களிலும் வரக்கூடும் என்பதற்கு அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே சான்று. அன்று தெங்கா பகுதியில் காற்றின் வேகம் மணிக்கு 83 கிலோமீட்டரைத் தாண்டியது. தீவெங்கும் 300க்கும் மேற்பட்ட மரங்கள் பாதிக்கப்பட்டன. சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிக வேகமான காற்று, 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி தெங்காவில் வீசியது. அதன் வேகம் மணிக்கு 144.4 கிலோமீட்டர்.

சிங்கப்பூரில் கடும் புயல் வீசுவதில்லை என்று பலர் நினைக்கின்றனர். அதில் ஓரளவு உண்மை உண்டு. கடலில் உருவாகும் பெரும்புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி துணைபுரிகிறது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் அந்தச் சுழற்சியின் தாக்கம் மிகவும் குறைவு. அதனால்தான் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் தாக்குவது போன்ற புயல்கள் இங்கு வருவதில்லை. ஆனாலும், 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி ‘வாமெய்’ என்னும் புயல், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.5 பாகை தொலைவிலேயே உருவாகி, ஜோகூரின் தென்கிழக்குப் பகுதியில் கரையைக் கடந்தது. இயற்கை எப்போதும் நாம் எதிர்பார்ப்பது போலவே நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூருக்குக் காற்றைவிட அதிகத் துன்பம் தந்தது மழைதான். பாட்டியின் சிவப்பு டின்னுக்குப் பின்னால் இருந்ததும் ஒரு மழைநாள்தான்.

1978: ஒரு சனிக்கிழமை

“அது 1978ஆம் வருஷம், டிசம்பர் மாசம் ரெண்டாம் தேதி. சனிக்கிழமை. உங்க அப்பாவுக்கு அப்போ மூணு வயசு,” என்று பாட்டி சொல்லத் தொடங்கினார்.

அப்போது பாட்டிக்கு 24 வயது. அப்பர் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கம்பத்தில் அவர்களது வீடு இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, சிமெண்டுத் தரை. வலப்பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க் குடும்பமும் இடப்பக்கத்து வீட்டில் ஒரு சீனக் குடும்பமும் வசித்தன. தாத்தா துறைமுகத்தில் வேலை செய்தார். பாட்டி வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துச் சிறிது பணம் ஈட்டினார். அடுத்த மாதம் பொங்கல் வரவிருந்ததால், பதினொரு பெண்கள் தங்கள் துணிகளை அவரிடம் தைக்கக் கொடுத்திருந்தார்கள்.

அன்று மழை விடாமல் கொட்டியது. கம்பத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் வருவது புதிதன்று. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓரிரு முறை தண்ணீர் வரும். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆகவே, அரிசி மூட்டையைக் கட்டிலின்மேல் தூக்கி வைத்துவிட்டு அனைவரும் காத்திருந்தனர். ஆனால், அன்று தண்ணீர் வடியவில்லை. கட்டிலின் கால்கள் மறைந்தன. பிறகு கட்டிலே மறைந்தது.

“பக்கத்து வீட்டுப் பாக்சிக் வந்து கதவைத் தட்டினார். ‘இனிமேல் இங்கே இருக்க வேண்டாம், மேட்டுக்குப் போயிடுவோம்’னு சொன்னார். உங்க அப்பாவைத் தூக்கித் தோள்ல உட்கார வச்சுக்கிட்டார். நான் எங்க அத்தை கையைப் பிடிச்சுக்கிட்டேன். அத்தைக்கு அப்பவே அறுபது வயசுக்கு மேல. ரோட்டுப் பக்கம் மேடான இடத்துக்கு வந்து சேர்ந்துட்டோம்.”

“அப்புறம் என்ன பாட்டி? தப்பிச்சிட்டீங்களே!”

பாட்டி சற்று நேரம் பேசவில்லை.

“நான் திரும்பிப் போனேன் கண்ணு.”

பதினொரு பெண்களின் துணிகளும் ஒரு மூட்டையில் அலமாரியின்மேல் இருந்தன. அவை பிறருடைய பொருள்கள். அவற்றை இழந்தால் அவர்களிடம் என்ன சொல்வது என்ற கவலை பாட்டியை வாட்டியது. “துணி போனா வாங்கிக்கலாம், போகாதே,” என்று அத்தை தடுத்தார். பாட்டி கேட்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் தனியாக நடந்தார். வீட்டு வாசலுக்கு முன்னால் ஒரு கால்வாய் இருந்தது. நாள்தோறும் தாண்டிச் செல்லும் கால்வாய்தான். ஆனால், கலங்கிய நீருக்கு அடியில் வழி எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. அவரது கால் கால்வாய்க்குள் இறங்கியது. ஓடும் நீர் அவரை இழுத்தது. வேலிக் கம்பி ஒன்று கையில் சிக்கியது. அதைப் பற்றிக்கொண்டு கூச்சலிட்டார். பாக்சிக் குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து, நீண்ட மரக்கட்டை ஒன்றை நீட்டி, பாட்டியை மேட்டுக்கு இழுத்தார்.

“துணி மூட்டை கிடைச்சுதா பாட்டி?”

“இல்லை. அலமாரியே சாஞ்சு போச்சு. நான் போயும் ஒண்ணும் ஆகலை. ஆனா, என் பிள்ளை அம்மா இல்லாம வளர்ந்திருப்பான்.”

அந்த நாளில் பாயா லேபாரில் பதிவான மழை 512.4 மில்லிமீட்டர். சிங்கப்பூரில் ஒரே நாளில் பெய்த மழையின் மிக உயர்ந்த அளவு அதுவே. ஓராண்டில் சராசரியாகப் பெய்யும் மழையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, ஒரே நாளில் கொட்டியது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர் விழுவதாகும். 90 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு நான்கறை வீட்டின் அளவு நிலத்தில் மட்டும் அன்று ஏறக்குறைய 46,000 லிட்டர் நீர் விழுந்திருக்கும். அந்த வெள்ளத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் அதிகமானோர் தங்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

நீரால் வளர்ந்த வட்டாரம்

தேக்கா வட்டாரத்தின் வரலாறும் நீரோடு தொடர்புடையது. 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பகுதி, ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான சதுப்பு நிலமாக இருந்தது. மாடுகளுக்கு வேண்டிய நீரும் புல்லும் அங்கே தாராளமாகக் கிடைத்தன. அதனால் மாட்டு வணிகம் செழித்தது. அத்தொழிலில் இந்தியர்கள் பலர் ஈடுபட்டனர். ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயருக்கு ‘எருமைக் கொட்டில்’ என்பது பொருள். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய பெயர்கள் அந்தக் காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. காலப்போக்கில் சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டது. மாட்டு வணிகமும் மறைந்தது. ஆனால், நிலத்தின் தாழ்வு அவ்வளவு எளிதில் மாறிவிடவில்லை. ரோச்சோர் கால்வாயைச் சுற்றியுள்ள பகுதிகளும் ஜாலான் புசாரும் நெடுங்காலம் வெள்ளத்துக்கு அஞ்சும் இடங்களாகவே இருந்தன.

தாழ்வான இடத்தில் பெய்யும் மழை கால்வாய் வழியாகக் கடலுக்குச் செல்லவேண்டும். கடலில் நீரேற்றம் இருக்கும்போது அந்த நீர் வெளியேற முடியாது. கடல்நீரே கால்வாய்க்குள் புகுந்துவிடும். பெருமழையும் நீரேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வெள்ளம் உறுதி. அதோடு, மண் தரை மழைநீரை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டும் தாரும் அவ்வாறு உறிஞ்சுவதில்லை. நகரம் வளர வளர, கால்வாய்களுக்கு வந்துசேரும் நீரின் அளவும் வேகமும் கூடின.

இதைச் சமாளிக்கப் பல ஆண்டுகளாகப் பணிகள் நடந்துவருகின்றன. புக்கிட் தீமாவில் பெய்யும் மழைநீரின் ஒரு பகுதியை வேறு பக்கம் திருப்பிவிட 1972ஆம் ஆண்டில் முதல் திசைமாற்றுக் கால்வாய் கட்டிமுடிக்கப்பட்டது. பல கால்வாய்கள் அகலமாகவும் ஆழமாகவும் மாற்றப்பட்டன. 2008ஆம் ஆண்டில் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. நீரேற்றத்தின்போது கடல்நீர் உள்ளே வராமல் அதன் ஒன்பது கதவுகள் தடுக்கின்றன. அதே நேரத்தில் பெருமழை பெய்தால், ஏழு ராட்சத இறைப்பிகள் உள்ளே தேங்கும் நீரைக் கடலுக்கு வெளியேற்றுகின்றன. சைனாடவுன், ஜாலான் புசார், கேலாங் போன்ற தாழ்வான பகுதிகளுக்கு இந்த அணைக்கட்டு பாதுகாப்பாக உள்ளது. 1970களில் ஏறத்தாழ 3,200 ஹெக்டராக இருந்த வெள்ள அபாயப் பகுதிகள், இன்று 30 ஹெக்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டன.

எனினும், வெள்ளம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. 2010ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி பெய்த பெருமழையில் ஆர்ச்சர்ட் சாலையின் கடைத்தொகுதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கால்வாயின் ஒரு பகுதியைக் குப்பைக்கூளம் அடைத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணமாகும். கோடிக்கணக்கான வெள்ளி செலவில் கட்டிய கால்வாயையும் கவனமின்றி வீசப்படும் நெகிழிப் பைகள் பயனற்றதாக்கிவிடக்கூடும். அதன் பிறகு சாலை உயர்த்தப்பட்டது. 38,000 கன மீட்டர் மழைநீரைத் தற்காலிகமாகத் தேக்கி வைக்கும் ஸ்டாம்ஃபர்ட் நிலத்தடித் தொட்டியும் கட்டப்பட்டது. பூமி வெப்பமடைவதால் பெருமழை மேலும் கடுமையாகக்கூடும். கடல்மட்டமும் உயர்ந்து வருகிறது. ஆகவே, கால்வாய்களும் அணைக்கட்டும் இருக்கின்றன என்று மக்கள் கவலையின்றி இருந்துவிட முடியாது.

மழைக்கு முன்னும் மழையின்போதும்

“அந்த டின்ல என்ன இருக்கு பாட்டி?” என்று மாணவி கேட்டாள்.

பாட்டி டின்னைத் திறந்து காட்டினார். பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், காப்புறுதிப் பத்திரங்கள், மருத்துவமனை அட்டைகள், சில பழைய புகைப்படங்கள் ஆகியவை நெகிழி உறைகளில் இருந்தன. ஒரு கைவிளக்கு, மின்கலங்கள், பாட்டி நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவையும் இருந்தன.

“எதை எடுத்துக்கிட்டுப் போகணும்னு தண்ணீர் வந்த பிறகு யோசிக்கக் கூடாது. அப்போ புத்தி வேலை செய்யாது. நான் துணிக்காகத் திரும்பிப் போனேனே, அது மாதிரிதான் ஆகும். முன்னாடியே முடிவு பண்ணி, ஒரே இடத்துல வச்சிடணும். அப்புறம் எதுக்காகவும் திரும்பிப் போகக் கூடாது.”

மாடி வீடுகளில் வசிப்போருக்கு வெள்ளத்தைவிடக் காற்றும் மின்னலும் அதிக அபாயம் விளைவிக்கும். காற்று வலுக்கும் முன்பே சன்னல்களைத் தாழிடவேண்டும். பூந்தொட்டி, மூங்கில் கம்பு, காலணி அடுக்கு போன்றவற்றை வீட்டுக்குள் எடுத்து வைக்கவேண்டும். உயரத்திலிருந்து விழும் சிறு பொருளும் கீழே செல்வோரின் உயிரைப் பறிக்கலாம். இடி இடிக்கும்போது மின்கம்பியோடு இணைக்கப்பட்ட சாதனங்களைப் பயன்படுத்துவதைத் தவிர்ப்பது நல்லது. வெளியே இருப்பவர்கள் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. மின்னல், விழும் கிளை என இரண்டு அபாயங்கள் அங்கே உண்டு.

தரைத்தளத்தில் உள்ள கடைவீடுகளின் நிலை வேறு. சிராங்கூன் சாலையை ஒட்டிய பல கடைகளில் அரிசி, பருப்பு, மசாலைப் பொருள்கள், துணிமணிகள் ஆகியவை தரையிலேயே அடுக்கப்படுவதுண்டு. மழைக்காலத்தில் அவற்றைப் பலகையின்மேல் உயர்த்தி அடுக்குவது நல்லது. வாசலில் பொருத்தும் வெள்ளத் தடுப்புப் பலகைகள், தண்ணீர் உள்ளே நுழைவதைத் தாமதப்படுத்தும். பொதுப் பயனீட்டுக் கழகம், கால்வாய்களில் உள்ள உணர்கருவிகள் மூலம் நீர்மட்டத்தைக் கண்காணித்து, செயலி, டெலிகிராம் ஆகியவற்றின் வழியாக எச்சரிக்கை விடுக்கிறது. தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் வீட்டில் இருந்தால், அந்த எச்சரிக்கையை அவருக்கு எடுத்துச் சொல்வது இளையோரின் கடமை.

தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் அறிகுறி தெரிந்தால், தரை காய்ந்திருக்கும்போதே மின்சாரத்தின் முதன்மை விசையை அணைத்துவிடவேண்டும். ஈரத் தரையில் நின்றுகொண்டு விசையைத் தொடக் கூடாது. ஓடும் வெள்ளத்தில் நடக்கக் கூடாது. வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் உயரமே இருந்தாலும் பெரியவர் ஒருவரைத் தடுமாறி விழச் செய்யும். 30 சென்டிமீட்டர் இருந்தால் சிறிய காரை நகர்த்திவிடும். மூடப்படாத கால்வாய் எங்கே இருக்கிறது என்பது கலங்கிய நீரில் தெரியாது. உயிருக்கு ஆபத்து என்றால் 995 என்னும் எண்ணில் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையை உடனே அழைக்கவேண்டும்.

நீர் வடிந்த பிறகு

“மறுபடி வீட்டுக்கு வந்தப்போ என்ன இருந்துச்சு பாட்டி?”

“சேறுதான் இருந்துச்சு. சுவர்ல தண்ணீர் நின்ன அளவுக்கு ஒரு கோடு. கதவு ஊதிப்போய்த் திறக்கவே இல்லை. அரிசி மூட்டை நாறிப் போச்சு. எங்கே தொடங்குறதுன்னே தெரியலை.”

அப்போது அண்டை வீட்டார் கூடிப் பேசினர். ஒவ்வொரு வீடாக எல்லாரும் சேர்ந்து சுத்தம் செய்வது என்று முடிவெடுத்தனர். முதலில் வயதானவர்கள் இருந்த வீடுகள், பிறகு கைக்குழந்தைகள் இருந்த வீடுகள். சீனக் குடும்பத்துப் பெண்மணி பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அனைவருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். பாக்சிக்கும் தாத்தாவும் சேற்றை மண்வெட்டியால் வாரி வெளியே கொட்டினர். சேறு காய்ந்துவிட்டால் அதை அகற்றுவது கடினம் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

அன்று அவர்கள் செய்த பலவும் இன்றும் பொருந்தும். வெள்ளநீர் வெறும் மழைநீர் அன்று. கழிவுநீர், எண்ணெய், எலியின் சிறுநீர் முதலியன அதில் கலந்திருக்கலாம். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளும் சேற்றில் வாழும் வேறு கிருமிகளும் காலில் உள்ள சிறு காயத்தின் வழியாகக்கூட உடலுக்குள் நுழையும். ஆகவே, சுத்தம் செய்வோர் ரப்பர்க் காலணியும் கையுறையும் அணியவேண்டும். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகால்களைக் கழுவவேண்டும். சில நாள்களுக்குள் காய்ச்சல் வந்தால், வெள்ளநீரில் நின்ற செய்தியை மருத்துவரிடம் மறவாமல் கூறவேண்டும்.

வீட்டைச் சுத்தம் செய்வதற்கு ஒரு வரிசைமுறை உண்டு. முதலில், சேதமடைந்த பொருள்களைப் படம் எடுத்துக்கொள்ளவேண்டும். காப்புறுதித் தொகை கோருவதற்கு அவை உதவும். அடுத்து, சன்னல்களையும் கதவுகளையும் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்தவேண்டும். பிறகு, சேற்றை அகற்றி, தரையையும் சுவரையும் சவர்க்கார நீரால் கழுவவேண்டும். இறுதியாக, கிருமிநாசினி கலந்த நீரால் துடைக்கவேண்டும். சலவைத் திரவத்தை வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தோடும் கலக்கக் கூடாது. அதனால் நச்சுவாயு உண்டாகலாம்.

வெள்ளநீர் பட்ட உணவை, பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும், வீசிவிடவேண்டும். நனைந்த மெத்தை, தலையணை ஆகியவற்றை முழுமையாக உலர்த்துவது கடினம். அவற்றில் பூஞ்சை பிடிக்கும். நனைந்த மின்சாதனங்களை உலர்ந்துவிட்டன என்று எண்ணி உடனே இயக்கிப் பார்க்கக் கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்த பிறகே அவற்றைப் பயன்படுத்தவேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள வாளி, தொட்டித் தட்டு, உடைந்த பாத்திரம் ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டிவிடவேண்டும். இல்லாவிட்டால், வெள்ளம் வடிந்த ஒன்றிரண்டு வாரங்களில் டெங்கிக் கொசுக்கள் பெருகிவிடும்.

கடனும் கணக்கும்

“அந்தப் பதினொரு பேருக்கு என்ன சொன்னீங்க பாட்டி?”

“ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நேர்ல போனேன். ‘உங்க துணியைக் காப்பாத்த முடியலை, பணம் கொடுத்துடுறேன்’னு சொன்னேன். நாலு பேர் பணமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மத்தவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சேன். அடுத்த தீபாவளிக்குள்ள முடிஞ்சுது.”

தையல் இயந்திரமும் நீரில் மூழ்கியிருந்தது. தாத்தா அதன் பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டார். இரண்டு வாரங்களுக்குப் பிறகு சக்கரம் சுழன்றது. கடனை அடைத்தது அந்த இயந்திரம்தான். சன்னல் ஓரத்தில் துணி போர்த்தி வைத்திருக்கும் இயந்திரமும் அதுவே.

மழை ஓய்ந்தது. கீழே மரக்கிளை ஒன்று முறிந்து நடைபாதையின் குறுக்கே கிடந்தது. மாணவி அதைப் படம்பிடித்தாள். இம்முறை தோழிகளுக்கு அனுப்பவில்லை. இடத்தைக் குறிப்பிட்டு நகர மன்றத்துக்கு அனுப்பினாள். பிறகு, எதிர்வீட்டில் தனியாக வசிக்கும் மூதாட்டியின் கதவைத் தட்டினாள்.

“ஆன்ட்டி, உங்க வீட்டுக்குள்ள தண்ணீர் ஏதும் அடிச்சுதா? துடைக்கணும்னா சொல்லுங்க, நான் வர்றேன்.”

பாட்டி டின்னை மூடி, கதவருகில் அதன் இடத்திலேயே வைத்தார்.

அருஞ்சொற்பொருள்

நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடையே உள்ள குறுகிய கடற்பகுதி
சதுப்பு நிலம் – நீர் தேங்கிச் சேறாக இருக்கும் நிலம்
நீரேற்றம் – கடலின் நீர்மட்டம் உயர்தல்
கம்பம் – முற்கால மலாய்க் கிராமக் குடியிருப்பு
பாக்சிக் – வயதில் மூத்த ஆணை மரியாதையுடன் அழைக்கும் மலாய்ச் சொல்
தூர்த்தல் – பள்ளமான இடத்தை மண்ணிட்டு நிரப்புதல்
இறைப்பி – நீரை வெளியேற்றும் இயந்திரம்

சிந்தித்துப் பேசுவோம்

1. பாட்டி துணி மூட்டைக்காகத் திரும்பிச் சென்றது சரியா? அவருடைய கவலையையும் அவர் எதிர்கொண்ட ஆபத்தையும் ஒப்பிட்டு உங்கள் கருத்தைக் கூறுங்கள்.

2. தேக்கா வட்டாரம் வளர்வதற்கும் அங்கு வெள்ளம் ஏற்படுவதற்கும் நீர் எவ்வாறு காரணமாக இருந்தது?

3. பெருமழையும் கடல் நீரேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் மரினா அணைக்கட்டு எவ்வாறு செயல்படுகிறது? உங்கள் சொந்த வாக்கியங்களில் விளக்குங்கள்.

4. உங்கள் வீட்டில் பாட்டியின் டின்னைப் போன்ற ஒன்றை வைப்பதாக இருந்தால், அதில் எவற்றை வைப்பீர்கள்? வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் தேவையையும் கேட்டறிந்து ஒரு பட்டியல் எழுதுங்கள்.

5. உங்கள் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ வெள்ளத்தையோ புயற்காற்றையோ நேரில் கண்ட முதியவர் ஒருவரிடம் பேசுங்கள். அவர் கூறிய செய்திகளில் இன்றைக்கும் பயன்படும் ஒன்றை வகுப்பில் பகிர்ந்துகொள்ளுங்கள்.